மிஸ்ஸுக்குத் துணை

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தொழிலில் நல்ல பெயர். பாதி மாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி அலறும்போது, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அவர் வெளியிலிருந்து பேச்சுக் கொடுப்பார். "சார், நான் இங்கதான் இருக்கேன். கதவை மட்டும் தள்ளாதீங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க." உள்ளே இருப்பவர் சாப்பிட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிடும். அந்த வருஷம் முழுக்க அவருக்குத் தொண்டை கட்டியே கிடந்தது. ஆனாலும் கரகரத்த குரலிலேயே காரியத்தைச் சாதித்துவிடுவார். சொந்த வீட்டில், பின்னறைக் கதவுக்குப் பின்னால் இருந்த மனைவியிடம்தான் அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை.

மகள் பாப்பா காய்ச்சலில் இறந்துபோன பிறகு அவள் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அவர் எழுவதற்கு முன்பே சமைத்து மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கூடவே இன்னொன்றும் செய்வாள். பாப்பாவின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, நிரப்பி, வாசலருகே செருப்பு ஸ்டாண்டின் மேல் வைப்பாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டுப்போனது. கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் பாட்டில் நிரம்பியபடியே இருந்தால் அவள் என்ன ஆவாளோ என்று பயந்து, வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், காலி பாட்டிலாகத் திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாளும் அது நிரம்பி நின்றது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பாப்பா இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவள் நம்புகிறாள், தான்தான் அதற்கேற்ப நடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவியின் அண்ணன் போனில் கேட்பார்: "மாப்ள, என் தங்கச்சி சரியா இருக்காளா, இல்லையா? மறைக்காம சொல்லுங்க. இல்லன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"நல்லாத்தான் இருக்கா மச்சான்" என்று கூசாமல் புளுகுவார். பாட்டில் விஷயம் காதில் விழுந்தால் மச்சான் அன்றைக்கே காரோடு வந்து நிற்பார். மகளும் இல்லை, அவளும் இல்லை என்றால் அந்த வீட்டில் மீன்தொட்டியும் தானும்தான். 

மீன்தொட்டி பாப்பாவுடையது. கூடத்து மேஜைமேல் இருந்தது. அதில் ஒரு ஜோடி குள்ள சிக்லிட் மீன்கள். விரல் நீளம்கூட இல்லை, ஆனால் திமிர் மட்டும் திமிங்கலத்துக்கு. ஆண் மீன் எந்நேரமும் உலாத்திக்கொண்டிருந்ததால் பாப்பா அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தாள். முறைத்துப் பார்க்கும் பெண் மீனுக்கு, வகுப்பு ஆசிரியையை மனதில் வைத்து, மிஸ். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த நாட்களில் தண்ணீர் மாற்ற ஆளில்லாமல், மேலே திரிந்த பொடி மீன்களெல்லாம் செத்துப்போயின. இந்த இரண்டும் தப்பின. ஆனால் அடியில் கவிழ்த்துவைத்த தேங்காய் ஓட்டுக்குள் போய் ஒடுங்கியதோடு சரி, வெளியே தலைகாட்டவில்லை.

தினமும் காலையில் பின்னறைக்குள்ளிருந்து அவள் கேட்பது ஒரே கேள்வி: "ரெண்டும் இருக்கா?"

"இருக்கு" என்பார். அவற்றைக் கண்ணால் பார்த்துப் பல நாளாயிற்று. போட்ட தீனி குறைந்திருப்பதை வைத்து ஒரு குத்துமதிப்பாகச் சொன்ன பதில்.

பொறுத்துப் பார்த்துவிட்டு மீன்கடைக்குப் போனார். கடைக்காரர் வாய் மூடாத மனிதர்.

"துணை இல்லாம எப்படி சார் வெளிய வரும்? மேல பொடி மீனுங்க பயமில்லாம சுத்துனாத்தான், கீழ இருக்கறது 'சரி, பெரிய மீனு எதுவும் வரலை'ன்னு நம்பும். மேல காலியா இருந்தா, எல்லாரையும் எதுவோ முழுங்கிடுச்சுன்னு நினைச்சுப் பதுங்கிக்கும்."

மெக்கானிக் தன் வீட்டை நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதுதானே நடந்திருந்தது.

வரன் பார்ப்பதுபோலத் துணை பார்த்தார்கள். வரிபோட்ட பார்ப் மீன் அழகாக இருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்: "வாலைக் கடிச்சு வைக்கும்." மெக்கானிக் ஏஞ்சல் மீனைக் காட்டினார். "வளர்ந்தா குஞ்சை முழுங்கிடும்." மீசை வைத்த கெளுத்திக்குட்டி? "ஐயோ, அது தரையில மேயறது. சிக்லிட்டு முறைச்சாலும் அதுக்குப் புரியாது, நேரா வீட்டுக்குள்ள பூந்து கடி வாங்கும்." கடைசியில் பென்சில் மீன்கள் ஒரு கூட்டமாகத் தேறின. மேல்தண்ணீரிலேயே திரியும், அடுத்தவர் வம்புக்குப் போகாது.

காசு கொடுத்துத் திரும்பும்போது கடைக்காரர், "இந்தாங்க, கொசுறு" என்று ஒரு டேங்க் கிளீனர் குட்டியையும் பைக்குள் விட்டார். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் கறுப்பு மீன். அவ்வளவு பொருத்தம் பார்த்த மெக்கானிக், கொசுறுக்குப் பொருத்தம் பார்க்கவில்லை. சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

பென்சில் மீன்களைத் தொட்டியில் விட்ட மூன்றாம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. கொஞ்சநேரத்தில் மிஸ் வெளியே வந்தாள், பின்னாலேயே வாட்ச்மேன்.

"இங்க வந்து பாரேன்! மிஸ் வெளிய வந்துட்டா!"

கதவு திறந்தது. கலைந்த தலையோடு வந்தவள் தொட்டிமுன் நின்றாள், அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு இருவரும் அங்கேயே தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அவருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று பேசாமலே இருந்தார். மறுநாள் பாட்டில் வழக்கம்போல நிரம்பி நின்றது. அதைப் பார்த்ததும் மனசு மறுபடி கனத்துப்போனது.

முட்டையை முதலில் கண்டது மனைவிதான். "மிஸ் மஞ்சள் புடவை கட்டியிருக்கா, பாருங்க." நிஜமாகவே மிஸ் மஞ்சளாகிவிட்டிருந்தாள். ஓட்டின் உட்புறத்தில் சிவப்பு முட்டைகள் ஒட்டியிருந்தன. கட்டின புருஷன் வாட்ச்மேனையே கிட்டே சேர்க்காமல் துரத்தினாள். மெக்கானிக்கின் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

ஒரு காலையில் ஓட்டில் முட்டை ஒன்றும் இல்லை. விளக்கணைந்தபின் மிஸ்ஸுக்குக் கண் தெரியாது, கொசுறுக்குத் தெரியும். அது வயிறு உப்பிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ் ஓட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். ஒவ்வொரு கூழாங்கல்லாகத் தேடினாள். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெக்கானிக்குக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாப்பா விட்டுப்போன உயிரை ஒரு கொசுறுக்காகக் கெடுத்துக்கொண்டோமே என்று குமைந்தார். கறுப்பு மீனைப் பிடித்துக்கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டார். அந்த ஆளும் முகம் செத்துப்போய், ஈடாக ஒரு பை உயிர்த்தீனி கொடுத்தார். துள்ளித் துள்ளி நீந்தும் தண்ணீர்ப் பூச்சிகள். சிக்லிட்டுக்கு அது விருந்து என்றார்.

தொட்டியில் கொட்டினார். பென்சில்களும் வாட்ச்மேனும் பாய்ந்து தின்றார்கள். மிஸ் தின்னவில்லை. தன் பக்கம் வந்த பூச்சிகளை ஒரு கும்பலாக ஓட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சிதறியதைத் திரும்ப ஓட்டிவந்தாள். வாட்ச்மேனை நெருங்கவிடாமல் விரட்டினாள். மஞ்சள் நிறம் மறுபடி ஏறியிருந்தது.

 மனைவி பார்ப்பதற்குள் பூச்சிகளை எடுத்துவிட வேண்டும் என்று அவர் வலையைத் தொட்டிக்குள் விட்டார்.

"எடுக்காதீங்க." மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சும்மா அதுக்கு. பூச்சியைப் போய்த் தன் குஞ்சுன்னு..." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கோபப்படவில்லை. "அவளுக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க?"

வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் தெரியும். காலைல எழுந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான்."

மீனுக்கு ஏது கை என்று அவர் கேட்கவில்லை. நடித்தது தான் மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது எவ்வளவு மடத்தனம் என்று புரிந்தது. வலையை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த பாட்டில் தண்ணிய தினம் எங்க கொட்டறீங்க?" என்று கேட்டாள்.

"கொட்டலை." அவர் தலை நிமிரவில்லை. "மேல லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து குடிச்சிடுவேன். கீழ ஊத்த மனசு வரலை."

"இத்தனை நாளுமா?"

"ம்."

அவள் அழுதாள். பாப்பா போனதிலிருந்து அவர் கண்ணெதிரே அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அடக்க முடியவில்லை. தொட்டிக்குள் மிஸ் தன் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்குத்தான் பச்சைத்தண்ணி ஒத்துக்காதே, அதான் இப்படித் தொண்டை கட்டிக் கிடக்கு. நாளைலேருந்து வெந்நீரா ஊத்தி வெக்கறேன்."