அழகுமுத்து அடுக்கிய தொட்டில்

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் வளைந்து வளைந்து ஏறி மூச்சு வாங்கும் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியின் பேக்கிங் அறையில் வேலை பார்ப்பவன் அழகுமுத்து. வயது முப்பத்தொன்பது. பதினேழு வருடமாக ஒரே வேலை: காகித மூட்டையில் தேயிலையை நிரப்பி, குலுக்கி, தட்டி, மூலைமுடுக்கெல்லாம் இறங்கச் செய்து, வாயைக் கட்டி அடுக்குவது. மூட்டைக்குள் கொஞ்சம் காலி இருந்தாலும் அது தொப்பை தள்ளும். தொப்பை தள்ளிய மூட்டை அடுக்கில் நிற்காது. அடுக்கு சரிந்தால் ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. அழகுமுத்து கட்டிய மூட்டை ஒருநாளும் சரிந்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவன் கை சும்மா இருக்காது. அலமாரியில் இரண்டு டின்னுக்கு நடுவே இடம் தெரிந்தால் அங்கே ஒரு சோப்புக் கட்டியைச் செருகுவான். ஹட்டன் பஸ்ஸில் இருவர் உட்காரும் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, யார் பை யார் மடியில் இருக்க வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிப்பான். கண்டக்டர்மாருக்கு அவனைக் கண்டால் உயிர். உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படியில்லை. அவன் மனைவி பிரியந்தி சீரகம் எடுக்க டப்பாவைத் திறந்தால், சீரகத்துக்குப் பக்கத்தில் ஊசியும் நூலும் மூட்டுவலித் தைலமும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். பதினோரு வருடமாக அவள் தைல வாசத்தோடுதான் ரசம் வைக்கிறாள்.

அந்தப் பதினோரு வருடமும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நேராத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இனி அவ்வளவுதான் என்று ஊரே விட்ட பிறகு, இந்த வருடம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ நானூறு கிராம். ஐம்பது கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறவனுக்கு, அந்த இரண்டு கிலோ நானூறைக் கையில் வாங்கியபோது எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. அழுதும் விட்டான். அதை இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. கண்ணில் தேயிலைத் தூசு விழுந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி வார்டில் ஏது தேயிலைத் தூசு?

பிள்ளை, அவர்கள் குடியிருக்கும் தோட்ட வரிசை வீடான லயத்துக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கம்பளியோடு வந்தார்கள். மலைக்குளிரில் வேறு என்னதான் கொண்டுவருவார்கள்? அழகுமுத்துவின் அக்கா அம்மாக்கண்ணு மட்டும் ஒரு படி மேலே போய், அரைக் கிலோ கடுகை அடைத்துத் தலையணை தைத்துக் கொண்டுவந்தாள். அதில் படுத்தால் பிள்ளையின் தலை உருண்டையாக வருமாம். அவள் தலையைப் பார்த்தால் அவளுக்கு யாரும் கடுகுத் தலையணை தைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதை அவளிடம் யார் சொல்வது?

மூன்றாவது வாரம், கொழும்பிலிருந்து லொறியில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவன் பிரியந்தியின் அண்ணன் நிரோஷன். கொழும்பில் பிள்ளைகள் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறான். முதல் தொட்டில் தாய்மாமன் சீர். முப்பத்தோராம் நாள் அவன் வந்து தன் கையால் பிள்ளையை அதில் போட வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்கு லயம் முழுக்க, தாய்மாமன் என்ன போட்டான் என்பதே பேச்சாக இருக்கும்.

நிரோஷன் குறை வைக்கவில்லை. மரத்தொட்டில், பஞ்சுபோல் அமுங்கும் மெத்தை, கரடி முகத் தலையணை, இரண்டு பக்கமும் அணைக்க இரண்டு உருளைத் தலையணை, கம்பிகளைச் சுற்றி ரிப்பனால் கட்டும் மெத்தைத் தடுப்பு, தடித்த பூப்போட்ட போர்வை, மேலே தொங்கவிடப் பிளாஸ்டிக் குருவிகள், கொசுவலை. இந்த உயரத்தில் கொசுவே குளிருக்குப் பயந்து வராது. இருந்தாலும் கொசுவலை வந்திருந்தது.

அழகுமுத்து கையைத் தேய்த்துக்கொண்டான். நான்கு பக்கமும் தடுப்பைக் கட்டினான். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. அதில் கம்பளியைச் சுருட்டிச் செருகினான். தலைமாட்டில் கடுகுத் தலையணை, அதற்கு முட்டாகக் கரடி, இரண்டு பக்கமும் உருளைகள், காலடியில் இன்னும் மூன்று கம்பளி. நடுவில் மிஞ்சிய இடத்தில் பிள்ளையை வைத்துப் போர்வையை மூடினான். அசைத்துப் பார்த்தான். எதுவும் அசையவில்லை, பிள்ளையும்தான்.

"கண்டெய்னர்ல ஏத்தி லண்டனுக்கு அனுப்புனாலும் அலுங்காம போய்ச் சேரும்" என்றான்.

"ஏங்க, அவ லண்டனுக்கெல்லாம் போகல. இங்கதான் தூங்கப் போறா" என்றாள் பிரியந்தி. சொன்னாளே தவிர அவளுக்கும் பெருமைதான். குளிர் ஒரு பக்கமும் நுழையாது என்று அவளும் நம்பினாள்.

மறுநாள் காலை, பிறந்த பிள்ளைகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சி லோஜனா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வேலைக்காக மலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் இந்தக் குளிரோடு அவளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் படியேறுவாள். வந்தவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, பிள்ளை எங்க?"

"உள்ளதான் மிஸ் இருக்கா."

"எந்த உள்ளுக்க?"

அழகுமுத்து போர்வையை விலக்கிக் காட்டினான். லோஜனா சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பிரியந்தியின் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடத் தொடங்கினாள். கரடி போனது, உருளைகள் போயின, கம்பளிகள் போயின. ரிப்பன்களை அவிழ்த்துத் தடுப்பையும் உருவினாள். கடுகுத் தலையணையைக் கையில் எடுத்து ஒரு தரம் குலுக்கிப் பார்த்து, அதையும் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது.

"இவ தேயிலை இல்லை அண்ணை, மூச்சு விட வேணும். இந்தக் கரடி மூக்கில சரிஞ்சா, தள்ளி விட இவவுக்குக் கை வராது. தலையைத் திருப்பவும் பலமில்லை. அழுகிற சத்தமும் வராது. நீங்கள் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள்."

அழகுமுத்து கட்டிலில் கிடந்த கரடியைப் பார்த்தான். இருந்தாலும் விடவில்லை.

"குளிருமே மிஸ்."

"குளிருக்கு உடுப்பைப் போடுங்கோ. உடம்பில இருக்கட்டும். தொட்டிலுக்க ஒண்டும் வேண்டாம். தட்டையான, அமுங்காத மெத்தை, இழுத்துச் செருகின விரிப்பு, மல்லாக்கப் படுத்த பிள்ளை, அவ்வளவுதான். இந்த மெத்தையும் சரியில்லை, கை புதையுது. கம்பியோட முட்டி நிக்கிற மாதிரி வேற ஒண்டு எடுங்கோ."

"ஒரு தலகாணிகூட வேணாமா?"

"ஒரு வயசு வரைக்கும் வேண்டவே வேண்டாம்."

 அவள் போனதும் அழகுமுத்து அளவு நாடாவை எடுத்தான். கம்பியோடு முட்டி நிற்க வேண்டும் என்று அந்த மிஸ் சொன்னது அவன் காதுக்குத் தேன். ஹட்டனுக்குப் போய் இறுக்கமான தென்னந்தும்பு மெத்தை ஒன்றை அளவு சொல்லி வெட்டித் தைத்து வாங்கி வந்தான். எந்தப் பக்கம் விட்டுப் பார்த்தாலும் சுண்டுவிரல் நுழையவில்லை. அக்காவின் கையில் இரண்டு கம்பளியைக் கொடுத்து, கழுத்தும் கையும் வைத்து, கால் பக்கம் பைபோல மூடித் தைக்கச் சொன்னான். அது முகத்துக்கு ஏறவும் ஏறாது, உதைத்தால் கழன்றும் போகாது. அம்மாக்கண்ணுவுக்கு மனசு ஆறிவிட்டது. ஆறியவள் கடுகுத் தலையணையைப் பிரித்து, அன்றைக்கே பருப்புக்குத் தாளித்தாள்.

அதன் பிறகு பிள்ளை அந்த வெறும் தொட்டிலில், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, ஒரு குறையுமில்லாமல் தூங்கியது. பிரச்சினை முப்பத்தோராம் நாளில்தான் இருந்தது. நிரோஷன் வந்து பார்க்கும்போது அவன் சீர் எங்கே?

நிரோஷன் மோசமானவன் இல்லை. ஆனால் ரோசக்காரன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மின்சாரக் காற்றாடி வாங்கிக் கொடுத்தான். காற்றாடி போட்டால் விறைத்துச் சாகும் ஊர் இது. அழகுமுத்து அதைப் பெட்டியோடு அலமாரிக்கு மேலே, ஒரு இடைவெளி பார்த்து, அழகாகச் செருகி வைத்தான். அடுத்த முறை வந்து அதைப் பார்த்த நிரோஷன் இரண்டு வருடம் பேசவில்லை. அதிலிருந்து அவன் வரும்போதெல்லாம் காற்றாடி சுற்றும், எல்லோரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி உட்கார்ந்திருப்பார்கள். பிரியந்திக்கு அம்மா அப்பா இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல அந்த ஒரு அண்ணன்தான். அந்த இரண்டு வருடமும் தீபாவளிக்கு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை அழகுமுத்து மறக்கவில்லை.

"ஒரு மணித்தியாலம்தானேங்க" என்றாள் அவள். "அண்ணே பிள்ளையப் போட்டு, போட்டோ புடிச்சு முடிஞ்சதும் எடுத்துருவோம். யாருக்கும் மனசு நோகாம போயிரும்."

அழகுமுத்து யோசித்தான். யோசித்ததில் மருத்துவிச்சியின் முகம் வந்தது, தீபாவளி வாசலும் வந்தது. கடைசியில் தலையாட்டினான்.

முப்பத்தோராம் நாள் காலையில் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினான். தடுப்பு, உருளைகள், கரடி, போர்வை, குருவிகள். நிரோஷன் புதுச் சட்டையோடு வந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்துபோனது. பிள்ளையை வாங்கி, மூன்று தரம் ஆட்டி, தொட்டிலில் போட்டான். ஃபோன்கள் மின்னின. பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெண்கள் ரிப்பனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். காற்றாடி வழக்கம்போல எல்லோரையும் நடுங்க வைத்தது. அதற்குள் இலை போட்டாயிற்று என்று அம்மாக்கண்ணு கூப்பிட, கூட்டம் வெளியே பந்தலுக்கு நகர்ந்தது. நிரோஷனை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். பரிமாற ஆள் போதவில்லை. அழகுமுத்து சாம்பார் வாளியைத் தூக்கினான்.

இரண்டாவது வரிசையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவனுக்கு நினைவு வந்தது. பிரியந்தி எடுத்திருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தால் பிரியந்தி எதிர்ப்பக்கம் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் எடுத்திருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

வாளியை யார் இலையில் வைத்தான் என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே ஓடினான். போர்வை கழுத்துக்கு மேலே ஏறியிருந்தது. கரடித் தலையணை சரிந்து, பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடிக் கிடந்தது. ஒரு சின்னக் கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து, எதையும் எட்டாமல், விரித்து விரித்து மூடியது. சத்தமே இல்லை. மருத்துவிச்சி சொன்ன மாதிரியே சத்தமில்லை.

கரடியைத் தூக்கி எறிந்து பிள்ளையை வாரி எடுத்தான். முகம் கன்றிச் சிவந்திருந்தது.  "பாப்பா, பாப்பா" என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. பிள்ளை ஒரு தரம் தும்மியது. பிறகு வீடே அதிரும்படி அழுதது. வாழ்க்கையில் அவன் கேட்ட சத்தங்களிலேயே நல்ல சத்தம் அதுதான்.

கூட்டம் கையைக் கழுவாமலே உள்ளே வந்தது. பிரியந்தி பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அழகுமுத்து ஒருவரையும் பார்க்காமல் தொட்டிலைக் காலி செய்யத் தொடங்கினான். ரிப்பனை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிய்த்தான். குருவிகள் அறுந்து உருண்டன.

"என்ன மச்சான் செய்றீங்க? அதெல்லாம் நான் குடுத்த சீரு" என்றான் நிரோஷன்.

"தெரியும் மச்சான்." அழகுமுத்துவின் குரல் உடைந்தது. "பிள்ளைக்கு மூச்சடைக்கும், இதெல்லாம் வைக்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. பத்து நாளா வைக்கவே இல்ல. இன்னைக்கு ஒங்களுக்குப் பயந்து வச்சேன். நீங்க மொகத்தத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா ஒங்க தங்கச்சி தாங்காதுன்னு வச்சேன். இப்ப பாருங்க, பிள்ளை போயிருக்கும். நீங்க பேசாட்டியும் பரவால்ல. இனி இதுக்குள்ள ஒண்ணும் வைக்க மாட்டேன்."

 நிரோஷன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிரியந்தி அழுத கண்ணோடு அண்ணனைப் பார்த்தாள். நிரோஷன் கீழே கிடந்த கரடியைப் பார்த்தான். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். சிவப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஓடிவந்த அவசரத்தில் அவன் புதுச் சட்டையெல்லாம் குழம்புக் கறையாகியிருந்தது. அதை அவன் கவனிக்கவே இல்லை.

"எனக்குப் பயந்தா?" என்றான்.

அழகுமுத்து கையிலிருந்த ரிப்பனைக் கீழே போட்டான்.

நிரோஷன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தொட்டிலில் மிஞ்சியிருந்த ஒரு ரிப்பனைத் தானே அவிழ்த்து எடுத்தான். விரிப்பைத் தடவிப் பார்த்தான். தங்கச்சியிடம் கையை நீட்டினான். அவள் கொஞ்சம் தயங்கித்தான் பிள்ளையைக் கொடுத்தாள்.

"எப்பிடிப் போடணும்னு சொல்லுங்க மச்சான்."

"மல்லாக்க. அவ்வளவுதான்."

அவன் மல்லாக்கப் போட்டான். பிள்ளை இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு, சற்று நேரத்தில் கண்ணை மூடியது. கூட்டம் மெல்லப் பந்தலுக்குத் திரும்பியது. நிரோஷன் மட்டும் நகரவில்லை. தொட்டில் கம்பியைப் பிடித்தபடி, குனிந்து, பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சோறு ஆறிப் போச்சு, வாங்க மச்சான்" என்று அழகுமுத்து இரண்டு தரம் கூப்பிட்டான்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றான் நிரோஷன், திரும்பாமலே. "மூச்சு விடுறா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."