குடுவைக்குப் பின்னால் அடையாள அட்டை

குடுவை கழுவும் வேலைக்குத்தான் அப்பா அந்த ஆய்வகத்தில் சேர்ந்தார். கை சுத்தம் என்று பெயர் வாங்கி, பதினைந்து வருடத்தில் நுண்ணுயிர்களுக்கே சோறு போடும் ஆளாகிவிட்டார். மகள் படித்து அதே ஆய்வகத்துக்கு விஞ்ஞானியாக வந்தபோது, "வீட்லயும் நீதான் அதிகாரி, இனிமே இங்கயும் நீதானா?" என்றார்.

சர்க்கரை தின்று வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, மெத்தனாலை மட்டும் தின்று பிளாஸ்டிக்குக்கு வேண்டிய அமிலத்தைத் தர வைப்பது மகளின் வேலை. மரபணுவை மாற்றினால் மட்டும் போதாது, பழக்கவும் வேண்டும். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தினமும் காலையில் பழைய குடுவையிலிருந்து சில சொட்டுகளைப் புதிய குடுவைக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் காய்ச்சலும் அதற்குத் தெரியாது. அதை அப்பா பார்த்துக்கொண்டார். "கண்ணைக் குருடாக்குற விஷத்தைக் குடிச்சிட்டு நமக்கு வேண்டியதைக் கொடுக்குதுங்க. நம்ம சொந்தக்காரங்க காப்பி குடிச்சிட்டு என்னத்தைக் கொடுத்தாங்க?" என்பார்.

கருவி அளந்து சொன்னாலும் அவருக்குத் தன் கண்தான் சாட்சி. குடுவைக்குப் பின்னால் தன் அடையாள அட்டையைப் பிடிப்பார். பேர் தெரிந்தால் வளரவில்லை. கலங்கலில் பேர் மறைந்தால் வளர்ந்துவிட்டது. சர்க்கரையை அறவே நிறுத்திய பிறகு பேர் மங்கியதே தவிர மறையவில்லை. அது மறைவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தார்.

அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். மிச்சமிருக்கும் நாளை மருத்துவர் வாரக்கணக்கில்தான் சொன்னார்.

மகள் அட்டையை வாங்கிக்கொண்டு குடுவை வேலையையும் எடுத்துக்கொண்டாள். தினமும் படம் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். தினமும் பேர் தெரிந்தது. ஒன்பதாம் நாள் அப்பாவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுநாள் காலை அவள் புதிய குடுவையில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள். பழைய குடுவையைக் கழுவப் போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் படத்தில் பேர் சுத்தமாக இல்லை. அப்பா கைபேசியைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சர்க்கரை போட்டியா?"

அவள் கைபேசியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"ஒரே நாள்ல இப்படிக் கொழுக்காது பாப்பா. அதுங்களை எனக்குத் தெரியாதா?"

"நீங்க பாக்கணும்னுதான்ப்பா."

"பாத்துட்டேன். உறைபெட்டியிலேருந்து எடுத்து மறுபடி ஆரம்பி."

சர்க்கரை கிடைத்துவிட்டால், மெத்தனாலை விட்டுவிட்டவை வேகமாகப் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம். கடைசியாக மாதிரி எடுத்து உறைய வைத்தது இரண்டு மாதத்துக்கு முன்னால், அப்பாவின் கையால். உறைபெட்டியில் இரண்டு மாதம் பின்னால் போக முடிந்தது. அப்பாவுக்கு முன்னால் இரண்டு மாதம் இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

மறுநாள் காலையும் குடுவையை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினாள்.

மறுபடி ஆரம்பித்ததிலிருந்து எழுபத்திரண்டாம் காலை, குடுவைக்குப் பின்னால் அட்டையைப் பிடித்தபோது பேர் தெரியவில்லை. குறிப்பேட்டை இருமுறை பார்த்தாள். சர்க்கரை ஒரு துளியும் இல்லை. கை தானாகவே கைபேசியை எடுத்துப் படம் பிடித்தது.

பிறகு அட்டையைக் குடுவைக்குப் பின்னாலிருந்து எடுத்து, பேர் இருக்கிறதா என்று பார்த்தாள்.