அவர் இண்டைக்கு எடுக்கமாட்டார்

இயேசுவை மறுதலித்த சீடனைப்போல நான் என் கணவரை மறுதலித்தவள். சேவல் கூவவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவருடைய குரல் என்னைத் தேடி வரும் நேரத்தை ஊராருக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்காகப் பொய்யும் சொன்னேன். அதற்குக் கிறிஸ்தவ அன்பு என்று பெயரும் வைத்தேன்!

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். யுத்த காலம், எத்தனையோ பேர் எதையெல்லாமோ செய்தார்கள். இவள் ஒரு தொலைபேசி அழைப்புக்காக அழுகிறாளே என்று. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்நாளில் வெள்ளவத்தை லொட்ஜுகள் என்ற வாடகை விடுதிகள் வடக்கிலிருந்து வந்த சனத்தால் நிறைந்திருந்தன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை எப்போது கூப்பிடுவான், ஏஜென்ட் எப்போது தங்களையும் அங்கே அனுப்புவான் என்று காத்திருப்பதே அவர்களுக்கு முழுநேர வேலை. எங்கள் ஒழுங்கையில் தொலைபேசி இருந்த வீடுகள் குறைவு. எங்கள் வீட்டில் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் என் கணவர் அலைந்து திரிந்து எனக்காக எடுத்துத் தந்த இணைப்பு அது.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பின்னேரம் ஆறரைக்குக் கோல் எடுப்பன். அது எங்கட நேரம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சொன்னபடி எடுத்தார். தொழிலாளர் முகாமுக்கு வெளியே இருந்த தொலைபேசிக் கூண்டில் வரிசையில் நின்று எடுப்பார். பருப்பு அடிப்பிடித்த கதை, மேற்பார்வையாளரின் கொட்டாவி, புழுதிக் காற்று... வீட்டிலிருந்தபோது பத்து வார்த்தை பேசாத மனிதர்! ரிசீவரை யன்னல் பக்கம் பிடிக்கச் சொல்வார். கரையோரமாக ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ம்... சரி" என்பார். அந்த "ம்" இன்றும் என் காதுக்குள் இருக்கிறது.

பிறகு எதிர் லொட்ஜிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்தார், மகனோடு எங்கள் தொலைபேசியில் பேசலாமா என்று கேட்டு. மகன் பாரிஸில் ஓர் உணவகத்தில் வேலை. மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே அவனுக்குக் கிடைக்கும் ஓய்வு, எங்கள் ஆறரையின் மேலேயே வந்து விழுந்தது. எப்படி மறுப்பது? ஒரு தாய் அல்லவா! அவரைப் பார்த்து இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் ஹோல் வைத்தியரின் காத்திருப்பு அறையைப் போல ஆகிவிட்டது. எல்லோருக்கும் நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

ஆலயத்துப் பெண்கள் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மையால் என்றா நினைக்கிறீர்கள்? வாயெல்லாம் பல்லாக இருந்ததை மறைப்பதற்கு!

ஒரு வெள்ளிக்கிழமை பரமேஸ்வரி அக்கா வாசலிலேயே தயங்கி நின்றார்.

"தங்கச்சி, உங்கட அவர் எடுக்கிற நேரமெல்லோ? நான் பிறகு வாறன். லைன் கிடைக்காட்டி மகன் திரும்பவும் எடுப்பான்."

எனக்கு வழி விட்டவர் அவர். நான் 'ஓம்' என்றால் போதும். கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு ஏழு மணிக்கு வந்திருப்பார், மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார்.

"இல்லை அக்கா, அவர் இண்டைக்கு எடுக்கமாட்டார். இருங்கோ," என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனை தடவை என்னையே கேட்டிருப்பேன்... ஒருவருடைய முகம் என் முன்னால் சற்றே வாடுவதை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான். என் கணவரின் முகம் கடலுக்கு அப்பால் இருந்தது, அது வாடுவது எனக்குத் தெரியாது!

அடுத்த வெள்ளியும் அதையே சொன்னேன். பிறகு சொல்லத் தேவையே இருக்கவில்லை.

எப்போதாவது என் கணவருக்கு இணைப்புக் கிடைக்கும். பின்னால் கேட்கும் பேச்சுச் சத்தத்தில் அவருடைய குரல் சுருங்கிவிடும். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"இயேசுவும் சனத்தை அனுப்பிப்போட்டுத்தானே தனிய மலைக்குப் போனவர்? எனக்கு மலை வேண்டாம். ஒரு அரை மணித்தியாலம் தாருமன்."

"பாவமப்பா, அதுகளுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?" என்றேன் நான்.

அவருக்கு அங்கே யார் இருந்தார்கள்? அதை நான் கேட்கவில்லை. அவர் சொன்ன அந்த வேதப்பகுதியைப் பெண்கள் கூட்டத்தில் நானே வாசித்து விளக்கியிருக்கிறேன், வெட்கக்கேடு! ஆண்டவர் அனுப்பிவிட்ட கூட்டத்திலும் நோயாளிகள் இருந்திருப்பார்கள், முகம் வாடியிருப்பார்கள். அவர் அவர்களை நேசிக்காமலா அனுப்பினார்? பிதாவோடு பேசுவதற்கு அவருக்கும் ஒரு நேரம் வேண்டியிருந்தது. எனக்கோ, வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்வதே பாவமாகத் தோன்றியது. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர் ஒருவருக்கு மட்டும்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்த அந்த நாள். செய்தி வெளிநாடெல்லாம் போய்விட்டது. லொட்ஜிலிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எடுத்தது, ஒவ்வொரு தாயும் அழுதார். நான் எல்லோருக்கும் ரிசீவரை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் அதை வைத்துவிடுங்கள், அவர் எடுக்கக்கூடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குமா? ஆம், அன்றைக்கும்!

அடுத்த வெள்ளி அவருக்கு இணைப்புக் கிடைத்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"அண்டைக்குத் திருப்பித் திருப்பிக் கனதரம் எடுத்தனான். எங்கேஜ்ட் சத்தம்தான் கேட்டுது. வீட்டில ஆரோ கதைக்கினம், அப்ப நீர் உயிரோட இருக்கிறீர் எண்டு விளங்கிச்சுது. எனக்கு அது காணும்."

கோபம் இல்லை. சலிப்புக்கூட இல்லை. ஐயோ, போதும் என்ற அந்தக் 'காணும்'... அதற்குப் பிறகு அவர் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்தார். சுகமா, கவனம், வைக்கிறன் என்பதோடு முடிந்துவிடும்.

ஒப்பந்தம் முடிந்து அவர் திரும்பி வந்துவிட்டார். பரமேஸ்வரி அக்கா மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். முகம் வாடுகிறவர்கள் வாடட்டும் என்று சொல்ல நானும் பழகிக்கொண்டேன். பின்னேரமானால் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து அமர்கிறேன். நான் சொன்ன பொய்யை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது.

"அங்கத்தைய கதை ஏதும் சொல்லுங்கோவன்," என்று நேற்றும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"என்னத்தைச் சொல்ல? உமக்குச் சொல்ல வேண்டியதெல்லாத்தையும் அங்கயே எனக்குள்ள கதைச்சு முடிச்சிட்டன்."

சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் ஆறப்போகிறது, குடியும் என்றார். நான் குடித்தேன். கையெட்டும் தூரத்தில் அமர்ந்திருக்கும் அந்த மனிதருக்காக நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.