வெள்ளிக்கிழமைக்குப் போட்ட திட்டம்

என் மகள் அனுப்பிய அந்தப் படத்தை குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் ரூமில் பார்க்காத ஆள் கிடையாது. இங்கிலாந்தில் அவள் நர்சிங் படிக்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய நூல்மில் கிராமம். கல்லால் கட்டிய உயரமான மில், அதன் சுவரை ஒட்டி ஒரு கால்வாய், கால்வாயில் ஒல்லியான நீளப் படகுகள். மில் தொழிலாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்க முதலாளி அந்தக் காலத்திலேயே வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். மில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டதாம், இப்போது ஊரைச் சுற்றிப்பார்க்க ஜனங்கள் வருகிறார்களாம். “நீங்க வந்தா ஒரு நாள் பூரா இங்கதான்ப்பா” என்று எழுதியிருந்தாள்.

“குடும்பத்தோட இருக்க வீடு கட்டிக் குடுத்திருக்கான் பாரு மாப்ள. இதை நம்ம கஃபீல் மொதலாளிக்கு அனுப்பிவிடு, பாத்துத் திருந்தட்டும்” என்றார் பாய்.

பாய் கீழக்கரைக்காரர். கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கிறார், படுக்கை எங்கள் ரூமில். நான் சிவகங்கைப் பக்கம். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். ஃபேமிலி விசா எடுக்கிற அளவுக்கு என் சம்பளம் என்றைக்கும் உயரவில்லை. மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவளோடு நான் இருந்த நாட்களை எல்லாம் ஒட்டவைத்தாலும் இரண்டு வருஷம் தேறாது. அதனால் அந்த ஒரு நாள் எனக்கு எவ்வளவு பெரிது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ரூமில் எல்லோரும் அதே ஜாதிதான்.

இங்கிலாந்து போய் அவளைப் பார்த்துவர விசா வந்த அன்றே திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். பாய் பொழுது சாய்ந்து மகரிப் தொழுதுவிட்டு வந்ததும் போனில் மேப்பைத் திறப்பார். தெருவைத் தெருவாகவே காட்டுகிற மேப் அது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, கால்வாய்க்கரையில் விரலால் நடப்போம். மில் வாசலில் தொடங்கி, வீட்டு வரிசையைத் தாண்டி, மூன்றாவது பாலத்தை ஒட்டி ஒரு மர பெஞ்சு. தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு பேர் உட்காரலாம்.

“இங்கன உக்காந்துதான் புளிசோறு சாப்பிடணும். புள்ளைட்ட பேசு. ரூம்ல இருக்கற மாதிரி உம்முனு இருக்காத” என்றார் பாய்.

ஒன்பது மணி ரயில், பத்தரைக்கு மில்லுக்குள், பன்னிரண்டரைக்கு பெஞ்சு, இரண்டு மணிக்குப் படகு, ஐந்து மணிக்குத் திரும்பும் ரயில். ஸ்டோர் கீப்பர் புத்தி, எல்லாவற்றையும் லிஸ்ட் போட்டு வைத்துக்கொண்டேன். என்ன பேசுவது என்பதைக்கூட நாலு வரி எழுதினேன், பிறகு வெட்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

வருஷ லீவை ஊரில் கழித்து முடித்திருந்ததால், கம்பெனியில் கெஞ்சித்தான் கொஞ்ச நாள் வாங்க முடிந்தது. செவ்வாய் ராத்திரி விமானம், சனிக்கிழமை மதியம் அங்கிருந்து கிளம்பித் திரும்புவது. ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன். “ஞாயிறும் திங்களும் சேத்து வேணும்னா எடுத்துக்கோ” என்றார். நான் ரோஷமாக வேண்டாம் என்றேன். கம்பெனி கேம்ப்பில் பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது: வார லீவான வெள்ளிக்கிழமையை உள்ளே வைத்து லீவு போடு, ஒரு நாள் மிச்சம், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக டூட்டியில் நில், அடுத்த தடவை கேட்டால் கொடுப்பான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

மகளிடம் போனில், “லீவு நாள்ல தானே போறோம்?” என்று கேட்டேன். “ஆமாப்பா, லீவுன்னா நாள் பூரா ஃப்ரீ” என்றாள். எந்தக் கிழமை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, சனிக்கிழமையே திரும்புகிறேன் என்று சொல்லவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாக லீவு என்றால் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றால் லீவு.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீடியோ காலில் லிஸ்ட்டை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “வெள்ளிக்கிழமை காலைல ஒம்பது மணி ரயில்...” என்றதும் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

“வெள்ளிக்கிழமையாப்பா?” என்றாள். “எனக்குப் புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் ஆஸ்பத்திரில டிரெய்னிங்ப்பா. காலைல போனா ராத்திரிதான் வருவேன். சனி ஞாயிறுதான் லீவு.”

எனக்கு அது தெரியாமல் இல்லை, அதுதான் கொடுமை. அவள் ஸ்கூலுக்குப் போன காலத்தில் எனக்கு லீவான வெள்ளிக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம், அவளுக்கு லீவான ஞாயிறு எனக்கு டூட்டி. வெள்ளிக்கிழமை ரூமே குறட்டை விடும்போது நான் ஐந்தரைக்கு எழுந்து ஊருக்குப் போன் போடுவேன். அங்கே எட்டு மணி. “லேட்டாயிருச்சுப்பா, போயிட்டு வரேன்” என்பாள். அவ்வளவுதான் ஒரு வாரத்துப் பேச்சு. ஒரு தகப்பனுக்கு இதுகூடவா மறந்துபோகும் என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளார்க்கிடம் ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாட்டை விட்டு வெளியே போக எக்ஸிட் பர்மிட் அந்தத் தேதிக்கு வந்துவிட்டது, டிக்கெட்டும் மாற்ற முடியாத டிக்கெட். அதைவிட, என் இடத்தில் நிற்கிற மலையாளிப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம், தங்கச்சி கல்யாணம். நான் வந்து சாவியை வாங்கினால்தான் அவன் போக முடியும். அவன் வயிற்றில் எப்படி அடிப்பது? பாய் மேப்பை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

போனேன். புதனும் வியாழனும் அவள் ரூமில் அவள் துணிகளைத் துவைத்து மடித்துக்கொண்டு கிடந்தேன். ராத்திரி வருவாள், கண்கள் சொருகும், சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள். ஒரு நாள் டிரெய்னிங் விட்டால் அந்த மணிக்கணக்கை எப்போது ஈடுகட்டுவாளோ என்று பயந்து நான் லீவு போடச் சொல்லவில்லை. அவளாகச் சொல்வாளோ என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, “நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்கப்பா” என்று சொல்லிவிட்டு, இருட்டோடு கிளம்பிப் போனாள். ஒன்பது மணி ரயிலில் போனேன். மில்லுக்குள் போனேன். பன்னிரண்டரைக்கு மூன்றாவது பாலத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். லிஸ்ட்டில் இருந்தபடியே இரண்டு பேருக்குக் கிண்டியிருந்தேன் புளிசோறு. ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். படகு ஏறவில்லை.

சனிக்கிழமை காலை ஏர்போர்ட் பஸ்ஸில் அவளும் கூட வந்தாள். “எப்படி இருந்துச்சுப்பா மில்லு?” என்று கேட்டாள். பெஞ்சைச் சொன்னேன், வீட்டு வரிசையைச் சொன்னேன், வாத்துகளைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. “நீ பாக்காததா? உனக்குப் போயி நான் வெளக்கிட்டிருக்கேன்.”

“நான் போனதில்லப்பா” என்றாள். “அந்தப் படம் கூடப் படிக்கிற புள்ள எடுத்தது. எல்லாரும் போனப்பக்கூட நான் போகல. உங்களோட போகலாம்னு வெச்சிருந்தேன்.”

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஏர்போர்ட்டில் உள்ளே போகிற இடத்தில் அவள் என் கையை விடவே இல்லை, நான்தான் விடுவித்துக்கொண்டேன். “இனிமே நாள் பூரா என்ன பண்ணப் போற?” என்றேன். “தூங்குவேன்ப்பா” என்றாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. நான் டூட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.