பயிற்சி முகாமுக்கு முந்தின நாள்

அபுதாபிக்கு வெளியே ஓர் அரபி வீட்டில் ஒன்பது வருடம் டிரைவராக இருந்தேன். எனக்கு விசா கொடுத்த முதலாளியை, அதாவது கபீலை, எல்லோரும் அப்படித்தான் அழைப்போம்; அவருடைய மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயதானபோது ராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அந்த நாட்டுப் பையன்களுக்கு அது கட்டாயம். கபீலுக்கு ஒரே பெருமை. அவருடைய தம்பி சிப்பாயாகப் போய், எல்லை தாண்டி நடந்த சண்டையில் செத்தவர். உடலின் முகத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. சிறுவனாக இருந்த இந்த மகன் மட்டும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டான். அதை அவன் சொன்னது என் ஒருவனிடம்தான்.

முகாமுக்குப் போகவேண்டியதற்கு முந்தின நாள் மதியம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கி, கதவு வந்து மூடுகிற இடத்தில் வலது கையை வைத்தான். நாங்கள் பேசிக்கொள்வது பாதி இந்தி, பாதி அரபி.

"பாய், கதவ சாத்து. பலமா."

"வேணாம் சின்ன பாபா. கைய எடுங்க."

"நீ சாத்துனா ஆக்சிடென்ட். நானே சாத்துனா கோழைம்பாங்க."

நான் நகரவில்லை. அவனே இடது கையால் ஓங்கிச் சாத்தினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து மறுபடியும் சாத்தினான். அந்த இரண்டாவது தடவை நான் தடுத்திருக்கலாம். முதலாளி மகனைத் தொடப் பயந்து நின்றுவிட்டேன்.

என் துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தான். டாக்டரிடம், டிரைவர் பார்க்காமல் சாத்திவிட்டான் என்றான். நான் மறுக்கவில்லை.

கபீல் வந்தார். வராண்டாவிலேயே என் கன்னத்தில் ஓர் அறை. அடுத்தது மோதிரக் கையால் குத்து. முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். விழுந்தவனை விலாவில் உதைத்தார்.

"என் தம்பி உசுரக் குடுத்த நாடுடா இது! என் மகன் கைய உடைச்சிட்டியே!"

"கலாஸ்! போதும்! நான்தான் செஞ்சேன்!" கட்டுப் போட்ட கையோடு மகன் வாசலில் நின்றான்.

கபீல் திரும்பினார். அவன் முகத்தில் அடித்தார், சுவரில் தலை மோதியது. மறுபடி ஓங்கியபோது நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார். நான் விடவில்லை. கடைசியில் காவலாளிகள் வந்து எங்களைப் பிரித்தார்கள்.

மறுநாளே விசா கேன்சல் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவர் அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "பல் டாக்டரப் போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

காயம் ஆறியதும் மகனை அடுத்த அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விரல் மடங்காததால் துப்பாக்கி தரவில்லை. ஆபீஸ் வேலைதான். முதல் லீவில் அவனை அழைத்து வந்தேன்.

"எல்லாரும் சுடுறாங்க பாய். நான் டைப் அடிக்கிறேன்."

"உசுரோட இருக்கீங்கல்ல, சின்ன பாபா."

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. வீடு வந்ததும் இறங்கி, பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.