குதிரையைத் தனியாக வைக்கணும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குப் புலிக்குக்கூடப் பயமில்லை, சட்டத்துக்குத்தான் பயம். காட்டுப்பன்றி சுட அவர் வைத்திருந்த துவக்கை மேல் டிவிசனுக்குக் கொண்டுபோவதென்றால் கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல அத்தனை சடங்கு. நடுவில் நானுஓயா பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், அங்கே பொலிஸ் மறிக்கும். துவக்கு கம்பளியில் சுற்றி டிக்கியில் போகும். தோட்டாப் பெட்டி பூட்டு மாட்டி முன்சீட்டில் போகும். லைசன்ஸ் டிரைவரின் சட்டைப் பையில் இருக்கும். தோட்டாவைத் தள்ளி அடிக்கிற இரும்புத் தண்டைக் கழற்றி வேறொரு ஆள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்டுக்குத் தோட்டத்தில் நாங்கள் சொல்லும் பேர் குதிரை. "குதிரையைத் தனியா வைக்கணும்" என்று துரை தன் ஓட்டைத் தமிழில் சொல்லாத நாளே கிடையாது.

நான் நிஜக் குதிரைக்கு ஆள். கார் வந்த பிறகும் துரை மலையேறக் குதிரையில்தான் போவார், நான் பின்னால் ஓடுவேன். செவலைக் கிழவி அவள். கடிப்பாள், உதைப்பாள், என் பெண்சாதியைக் கண்டால் காதை மடக்குவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் என் கையைத் தவிர வேறு கையில் கொள்ளுத் தின்னமாட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் மேல் டிவிசனில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் அவள் கால் தவறி விழுந்தாள். துரை குதித்துத் தப்பிவிட்டார். அவளுக்கு முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. துரை பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், பக்கத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவனைத் துவக்குக்காகப் பங்களாவுக்கு ஓடச் சொன்னார். நான் கானுக்குள் இறங்கி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார் சத்தம் கேட்டதும் காதை நிமிர்த்தினாள். பொறுத்துக்கடி, வந்துருச்சு என்று சொன்னேன். சாவு வருகிறதென்று சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டிரைவர் அண்ணன் இறங்கித் துவக்கை எடுத்து நீட்டினார். துரை தோட்டா எங்கே என்றார்.

"தோட்டா எதுக்குங்க தொரை? குதிரை கெட்டுப்போச்சு, துவக்கோட வரச் சொன்னீங்கன்னு அவன் சொன்னான். ரிப்பேருக்குப் போற துவக்கோட ஒரு தோட்டாகூட ஏத்தக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லியிருக்கீங்க."

துவக்கின் குதிரை இறுகுகிறது, நுவரெலியாவுக்கு ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று துரை கொஞ்ச நாளாகவே பங்களாவில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். ஓடிப் போனவனோ மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கிறான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நான் எல்லோரையும் திட்டினேன், துரையையும் சேர்த்துத்தான். அப்புறம்தான் டிரைவர் அண்ணன் கானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ தம்பி, இந்தக் குதிரையா?" என்றார்.

தோட்டா எடுக்கக் கார் திரும்பிப் போனது. வரும் வழியில் பொலிஸ்காரன் நிறுத்தி, லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துத்தான் விட்டானாம். சட்டத்தில் ஒரு குறையுமில்லை. அவ்வளவு நேரமும் அவள் என் மடியில் கிடந்து நடுங்கினாள். பனி இறங்கியது, சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டேன். மறுபடி கார் சத்தம் கேட்டது. மறுபடியும் காதை நிமிர்த்தினாள்.

ஒரே வெடிதான். துரை குறி தவறாதவர்.

பிறகு அவர் துவக்கைக் கம்பளியில் சுற்றி டிக்கியில் வைத்தார். மிச்சத் தோட்டாவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கழற்றிய இரும்புத் தண்டை வாங்கிக்கொள்ள டிரைவரையும் என்னையும் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. என் கையில் கொடுத்தார்.

"குதிரை நீ வச்சுக்கோ," என்றார்.

என்ன சொன்னோமென்று அவருக்கு விளங்கியதோ இல்லையோ தெரியாது. அவள் தலை கிடந்த அந்த ஈர மடியில் அதை வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். பங்களா வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.