பதில் வராவிட்டால் சம்மதம்

படிப்பு முடிந்து பல வருடம் கழித்து, பழைய பொருளாதார வகுப்புக்காரர்கள் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூடினார்கள். கட்டிப்பிடித்து, யாருக்கெல்லாம் வழுக்கை விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, "நாம ஒரு சங்கம் மாதிரி ஆரம்பிக்கலாமே" என்றான் ஒருவன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு என்ன, காசா பணமா? யார் சந்தா வசூலிப்பது என்ற பேச்சு வந்ததும் அத்தனை பேரும் தங்கள் தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மட்டும் தலையை நிமிர்த்தி வைத்திருந்தாள். அந்த ஒரே குற்றத்துக்காக வேலை அவள் தலையில் கட்டப்பட்டது. அன்றே கஜானா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

கஜானா மருந்து மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். தட்டச்சு செய்யும் பெண்ணாகப் போய்ச் சேர்ந்து, படிப்படியாக அந்தப் பிரிவுக்கே பொறுப்பாகிவிட்டவள். வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி சங்கத்துக் காகிதங்களுக்கு எழுதிவைத்த மாதிரி. புருஷனும் பிள்ளையும் மறுபாதியில் நெருக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். "ஊருக்கெல்லாம் கண் தெரிய வைக்கிறேன். இவங்க உன்னை வேலைக்காரியா நடத்தறது மட்டும் உனக்குத் தெரிய மாட்டேங்குது" என்று அவ்வப்போது சொல்வான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

சந்தா வசூல் என்பது லேசுப்பட்ட வேலையில்லை. வகுப்பில் ஒரு பல் டாக்டர் இருந்தான். பொருளாதாரத்தைப் பாதியில் விடாமல் முடித்துவிட்டு, பிறகு அப்பாவின் பிடிவாதத்தால் பல்லுக்குப் போனவன். ஊரார் பல்லைப் பிடுங்குகிறவனிடம் சந்தாவைப் பிடுங்க அவள் வருடா வருடம் படாத பாடு பட்டாள். யார் வீடு மாறினார்கள், யார் எண்ணை மாற்றினார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இறந்துபோனவரின் பெயரை எடுப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போன் செய்து ஐந்து நிமிடமாவது பேசிவிட்டுத்தான் எடுப்பாள். அது யாரும் சொல்லிக் கொடுத்த முறையில்லை.

பெரிய தலைவலி, யாரும் பதில் போடாததுதான். சங்கத்துக்கு எது முடிவெடுக்க வேண்டுமானாலும் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும். கேட்டால் அறுபது பேரில் நாலு பேர் பதில் போடுவார்கள், அதில் இருவர் வேறு எதற்கோ பதில் போட்டிருப்பார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு சுற்றறிக்கையின் கீழும் ஒரு வரி சேர்த்தாள்: பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். அதன் பிறகு சங்கம் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. அத்தனை தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின. அவ்வளவு ஒற்றுமை எந்தச் சங்கத்திலும் கிடையாது.

சங்கம் செய்த ஒரே உருப்படியான காரியம் மாணவர் பரிசு. அதுவும் அவள் யோசனை. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடுவில் படிப்பை விட்டுவிட்டு, திரும்பி வந்து தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்றாள். வருடத்துக்கு மூன்று பேர். விண்ணப்பம் வந்ததும் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிடுவாள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்று மனசு சாயக் கூடாதே என்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி பூனை வருவாள். பூனை வாய்விட்டுப் படிக்க, கஜானா கேட்பாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

பூனை, விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவதால் வந்த பெயர். இந்தப் பரிசுக்குக் கஜானா ஏன் யோசனை சொன்னாள் என்று வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடைசிப் பருவத் தேர்வுக்கு நடுவில் கஜானாவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு தாள் பாக்கி இருக்கும்போதே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருடம் எழுதலாம் என்று நினைத்தாள். அதற்குள் வேலை, தம்பியின் படிப்பு, கல்யாணம், பிள்ளை. அவள் அதை ஒளித்து வைக்கவில்லை. அப்போது விடுதி முழுக்கத் தெரிந்த விஷயம்தான். மற்றவர்கள் மறந்துபோனார்கள், அவ்வளவே. சங்கம் ஆரம்பித்த அன்றே அவள் பூனையைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் முடிக்கலையேடி, என்னைச் சேர்க்கலாமா?" என்று கேட்டாள். "லூசு, நீ எங்க கூட இருந்தவ தானே" என்று பூனை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருடமும் அவள் உழைத்தாள்.

வகுப்புத் தலைவனுக்கு மைக் என்று பெயர். கையில் மைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. குளியலறைச் சாமான் கடை வைத்து நன்றாகச் சம்பாதித்திருந்தான். வகுப்பின் வெள்ளிவிழா நெருங்கியதும் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. பெரிய ஹோட்டலில், குடும்பத்தோடு, இரண்டு நாள் விழா.

"பணம்?" என்று கேட்டாள் கஜானா.

"பரிசு நிதி சும்மா தானே கெடக்கு?"

"அது பிள்ளைங்க பணம். அதுல நாம உக்காந்து சாப்பிட முடியாது."

"ஒரு வருஷம் குறைச்சுக் குடுத்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"நான் இருக்கற வரைக்கும் முடியாது."

அவள் யோசிக்காமல் சொன்ன வார்த்தை. மைக் நன்றாக யோசித்தான் போலிருக்கிறது.

சில வாரம் கழித்து அவனிடமிருந்து பதினான்கு பக்கத்தில் ஒரு கோப்பு வந்தது. பரிசைப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகப் பதிவு செய்யப் போகிறோம், அலுவலகம் கேட்கும் விதிமுறைகள் இவை, எல்லோருக்கும் அனுப்பிவிடு என்று எழுதியிருந்தான். நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். தனக்குப் பிறகும் அந்த மூன்று பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அது விண்ணப்பங்கள் குவிகிற மாதம் வேறு. முதல் இரண்டு பக்கத்தைப் படித்தாள், மீதியைப் புரட்டினாள், வழக்கமான வரியைக் கீழே சேர்த்து அறுபது பேருக்கும் அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. பத்து நாள் கழித்து, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கம்பெனியில் ஒரு பில்லைக்கூட முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் செய்த காரியம் அது.

அந்த வருட வெற்றியாளர்களின் பெயரைக் கொடுக்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, நல்ல மாதிரியான மனிதர், கோப்பைப் புரட்டினார்.

"பொறுப்பாளர்கள் எல்லாரோட பட்டச் சான்றிதழ் நகலும் வந்துடுச்சும்மா. உங்களோடது மட்டும் தான் வரல."

"என்னுதா? நான் கடைசி ரெண்டு பேப்பர் எழுதலைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ ஆறாவது விதிப்படி நீங்க உறுப்பினரே இல்லையேம்மா. அந்த வருஷம் பட்டம் வாங்கினவங்க மட்டும் தான்னு போட்டிருக்கு."

"அது உங்க ஆபீஸ் சட்டம் தானே? நாங்க என்ன பண்றது?"

"இல்லம்மா. நாங்க ரெண்டு விதமா தர்றோம். படிச்சவங்கன்னும் வச்சுக்கலாம், பட்டம் வாங்கினவங்கன்னும் வச்சுக்கலாம். நிறைய வகுப்பு படிச்சவங்கன்னு தான் வச்சிருக்காங்க. உங்க தலைவர் தான் குறிப்பா கேட்டு இதைப் போட்டார்." அவர் தயங்கினார். "எல்லார் சம்மதமும் வாங்கியாச்சுன்னு கீழ நீங்க தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

கஜானா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அவளுடையதேதான். கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும் என்று காது சுட்டது.

நேராக மைக்கின் கடைக்குப் போனாள். பளபளக்கும் கழுவு தொட்டிகளுக்கும் தண்ணீர் வராத குழாய்களுக்கும் நடுவில் அவன் ஒரு தம்பதிக்குக் குளியல் தொட்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவர்களை அனுப்பிவிட்டு, வா வா என்று வாயெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"ஆறாவது விதியை யார் எழுதினது?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டது தானே? நீ படிக்காம அனுப்பினா அதுக்கு நானா பொறுப்பு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"நான் முடிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ விடுதில கூட இல்லையே."

"பூனை தான் சொன்னா" என்றான், விலை சொல்வது போல. பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "இங்க பாரு, உன்னை யாரும் வெளிய போகச் சொல்லல. பேரு தான் இருக்காது. வேலையை நீயே பார்த்துக்கோ. உன்னை மாதிரி யாருக்கு வரும்?"

அவன் அதைப் பெரிய மனசோடுதான் சொன்னான். அதுதான் கொடுமை. அவள் படியிறங்கினாள்.

தெருமுனையில் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து பூனைக்குப் போன் செய்தாள். மைக் பொய் சொல்லியிருப்பான் என்று ஒரு நப்பாசை.

"அவன் கேட்டான், சொன்னேன்" என்றாள் பூனை. "பொய் சொல்லச் சொல்றியா?"

"எதுக்குக் கேக்கறான்னு உனக்குத் தெரியுமாடி?"



"தெரியும். நீயும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம். எல்லாரும் ஒரு தடவை நல்ல ஹோட்டல்ல கூடணும்னு ஆசைப்படறாங்க. எனக்கும் தான் ஆசை. எப்பப் பாத்தாலும் விதி, விதின்னு பேசறதே நீ தானே?"

"நீ எங்க கூட இருந்தவன்னு சொன்னியே."

"அது அப்போ. இப்போ பதிவு பண்ற சங்கம் ஆச்சேடி."

அப்பா படுக்கையில் விழுந்தபோது அவள் அழுதாள். அதற்குப் பிறகு அப்படி அழுதது அந்தக் கடைப்படியில்தான். மைக் செய்ததைக் கம்பெனியில் தினமும் பார்க்கிறாள். அவன் வியாபாரி. ஆனால் பூனை இதைச் செய்வாள் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் சொன்னவனை அடித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த வகுப்புக் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஆறாவது விதியை யாராவது படித்தீர்களா என்று கேட்டாள். ஒருவன் கைகூப்பினான். ஒருத்தி ரோஜாப்பூ போட்டாள். பல் டாக்டர், எல்லாம் நல்லதுக்கே என்று எழுதினான். மற்றவர்கள் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. புருஷன் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அதையெல்லாம் பார்த்தான். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, எழுந்து போய் டீ போட்டான். அவனுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வந்த புத்தியெல்லாம் சேர்த்து அன்று வேலை செய்தது.

மறுவாரம் மேசையில் இருந்த சங்கத்துக் காகிதங்களையெல்லாம் பெட்டிகளில் அடுக்கி, பல் டாக்டரின் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்கினாள். புதுப் பொருளாளர் அவன்தான். ஹோட்டலில் விழா நடந்தது. படங்களில் பூனை நீலப் பட்டுடுத்தி மேடையில் நின்றாள். அந்த வருடம் பரிசு மூன்று பேருக்கு இல்லை, ஒருவருக்கு. மற்ற இருவருக்கும் தகவல் சொல்ல ஆளில்லாமல் அவர்கள் கஜானாவைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த இரண்டு போன்களையும் பேசி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சாப்பாட்டு மேசை இப்போது முழுக்கக் குடும்பத்துக்கே. பிள்ளை கையைக் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டான். அவளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூனை கூப்பிடுவாள், ஒரு நாள் இல்லை ஒரு நாள் கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் என்ன சொல்வது என்றுகூடத் தீர்மானித்து வைத்திருந்தாள். சரி விடுடி, நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லிவிடுவது.

கடைசியில் ஒரு காலை நேரத்தில் போன் வந்தது. அவள் ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்தாள்.

"எப்படிடி இருக்க?" என்றாள் பூனை.

"இருக்கேன். நீ?"

"எனக்கு ஒரே அவமானமா போச்சுடி. பல் டாக்டர், சந்தா கட்டாதவங்கன்னு குழுவுல ஒரு லிஸ்ட் போட்டிருக்கான். அதுல என் பேரும் இருக்கு. இத்தனை வருஷமும் பாங்க்ல இருந்து தானா தானே போயிட்டு இருந்தது? திடீர்னு எப்படி நின்னுது? போறப்போ நீ எதையாவது மாத்திட்டியா?"

கஜானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பாங்க்ல இருந்து போறது என்னைக்கோ நின்னு போச்சுடி. உன் வீட்டுக்காரர் கடையை மூடினாரே, அந்த வருஷத்துல இருந்து நான் தான் கட்டிட்டு இருந்தேன்."

 "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று பூனை மெல்லக் கேட்டாள்.

"மூணு வருஷம் கட்டலன்னா பேரை எடுத்துடணும்னு நம்ம விதி. உன் பேரை என் கையால அடிக்க எனக்கு மனசு வரல."

பூனை ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கஜானா போனை வைத்துவிட்டாள்.